முழங்கைக்கு மேலே மூன்று விரல்

வளர்ந்த ஆளின் ஒரு கை எத்தனை கனம் இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் அது தோளிலிருந்து தொங்கிக்கொண்டு தன் கனத்தைத் தானே சுமந்துகொள்கிறது. எனக்கு அது பதினொரு வயதில் தெரிந்துவிட்டது. சத்தியவேட்டிலிருந்து நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் மடியின் மேல் நைனாவின் வலது கை கிடக்கும். பிறந்து சில வாரங்களான குழந்தையின் கனம், அதே சூடு. மணம் மட்டும் பஞ்சர் ஒட்டும் பசையும் ரப்பர்த் தூளும் கலந்த, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத டயர்க் கடை மணம். பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்தக் கை உருண்டு விழப் பார்க்கும், நான் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வேன். வெளியே வேர்க்கடலை வயல்களின் மேல் மழை சாய்ந்து பெய்துகொண்டிருக்கும், தூரத்து மலைகள் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும், நைனா தூங்கிப்போவார். கை மட்டும் என்னிடம் விழித்திருப்பதுபோல, அதன் விரல்கள் அவ்வப்போது லேசாக மூடித் திறக்கும்.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் எங்கள் பக்கம் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா சாமுவேல் சத்தியவேட்டு ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரி டயரைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டுகிறவர். அந்த வருடம் மழைக்காலத் தொடக்கத்தில் பழைய டயர்கள் வாங்க நாயுடுபேட்டைக்குப் போய், இரண்டை மோட்டார் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பும்போது, தடா பக்கம் தூறலில் ஒரு எருமை குறுக்கே வந்துவிட்டது. வண்டி சறுக்கித் தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமுமாக இழுபட விழுந்திருக்கிறார். ஒரு எலும்பும் உடையவில்லை. ஆனால் எழுந்து நின்றபோது வலது கை தோளிலிருந்து ஈரத்துணிபோலத் தொங்கியது.

கைகால் அடிபட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் முதலில் சொல்வது புத்தூர்க் கட்டுதான், அதனால் அங்கேதான் முதலில் போனோம். கட்டுப் போடும் பெரியவர் விரல் நுனியிலிருந்து கழுத்தெலும்பு வரை அழுத்திப் பார்த்துவிட்டு, "எமுக பாகானே உந்தி, நரம் லாகிந்தி" என்றார். எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, நரம்பு இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். கட்டுவதற்கு ஒன்றும் இல்லை, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவரே அனுப்பிவைத்தார்.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளில் மேலே இருக்கும் இரண்டு மட்டும் நசிந்துவிட்டன என்றார்கள். அதனால் வந்த விசித்திரம் என்னவென்றால், விரல்கள் ஐந்தும் வேலை செய்தன. ஸ்பானரைக் கொடுத்தால் பிடிக்கும், என் சடையைக் கொடுத்தால் இழுக்கும். மணிக்கட்டும் மடங்கும். ஆனால் முழங்கை மடங்காது, தோள் தூக்காது. கை உயிரோடு இருந்தது, அது இருந்த இடத்தைவிட்டு எங்கும் போகத்தான் முடியவில்லை. நைனா இடது கையால் வலது கையைத் தூக்கிப் பலகைமேல் வைப்பார், வைத்த இடத்தில் விரல்கள் டியூபைப் பிடித்துக்கொள்ளும். "அவனை எடுத்து மேல வையி பாப்பா" என்பார் என்னிடம். "நம்ம சொல்றத ஒன்னியும் கேக்க மாட்டேங்கிறான் பாரு." கையை 'அவன்' என்று சொல்வது முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு அவர் அதை நிறுத்திவிட்டார்.

சிரமம் சாப்பாட்டில்தான் தொடங்கியது. "பீச்சாங்கையால துன்ன மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வலது விரல்களில் சோற்றை எடுத்துக்கொண்டு இடது கையால் அந்த மணிக்கட்டைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோவார். பாதி வழியில் சோறு சிந்தும், கை நழுவித் தட்டில் விழும், குழம்பு சட்டையில் தெறிக்கும். அம்மா ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு வாரத்துக்குப் பிறகு, "நீங்க துன்னுட்டுப் போங்க, எனக்கு இப்ப பசியில்ல" என்று சொல்லத் தொடங்கினார். அம்மா கிரேஸ் அப்போதுதான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவார். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். மதியம் நைனா வீட்டில் தனியாகத் தட்டோடு இருப்பார்.

ஒருநாள் மழை அதிகமாகி, வகுப்பறைக்குள் ஒழுகி, மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. முக்காலிமேல் தட்டை வைத்து, அதற்கு முன்னால் மண்டியிட்டு, நைனா முகத்தைத் தட்டுக்குள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க முகத்தைத் தூக்கியபோது மீசையிலும் மூக்கிலும் சோறு ஒட்டியிருந்தது, அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் திரும்பி வெளியே வந்து, புத்தகப் பை நனைய நனைய, அவர் தட்டைக் கழுவும் சத்தம் கேட்கும்வரை மழையில் நின்றேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலுக்கு வருவதும் நின்றது. பழைய மிஷன் காலத்துச் சின்னக் கோயில் அது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். திருவிருந்து நாளில் முன்னால் போய் நிற்கவேண்டும், உள்ளங்கையில் அப்பம் வைப்பார்கள், அதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். "கேட்டா ஜுரம்னு சொல்லிடு" என்பார். ஊரில் வேறு யாருக்கும் அத்தனை ஜுரம் வந்திருக்காது.

நரம்பு தானாகத் தேறுகிறதா என்று பார்க்கலாம் என்றார்கள், பார்த்தோம். மழைக்காலம் போய், கடலை பிடுங்கி, மாம்பழக் காலம் வந்து போனது. மாதம் ஒருமுறை அந்தப் பேருந்து, அந்த ஜன்னல், என் மடியில் அந்தக் கை. நாளாக நாளாக மேற்கை இளைத்துக்கொண்டே வந்தது, என் மடியே அதைச் சொன்னது. பள்ளியில் என்னை லீவு போட வைக்கிறார்கள் என்ற குற்ற உணர்ச்சி நைனாவுக்கும் அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். எனக்கோ அந்தப் பயணங்கள் ஒரு நீண்ட பகல் தூக்கம்போல இருந்தன. கண்ணைத் திறந்தால் மலை, மூடினால் மழை.

மறுபடி மழை தொடங்கும் சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். தெலுங்குக்காரர், மெட்ராசில் படித்ததால் தமிழ் பேசுவார், அதில் தெலுங்கின் இழுப்பு இருக்கும். "செய்யி எத்தண்டி" என்று கையைத் தூக்கச் சொல்வார், நைனா தூக்க முயன்று தோளைக் குலுக்குவதைப் பார்ப்பார், பிறகு விரல்களை மூடச் சொல்லித் தன் இரண்டு விரலை அதற்குள் வைத்துப் பார்ப்பார். "அம்மாடி, நசுக்கிட்டீங்க" என்று சிரித்தார். பிறகு எக்ஸ்ரே உறையின் பின்புறத்தில் இரண்டு கோடு போட்டு, அவை சேரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"இது மேல்கை, இது முன்கை, இந்தப் புள்ளி முழங்கை. கையை மடக்கற தசை உங்களுக்கு செத்துப்போச்சு. ஆனா விரலை மூடற தசை நல்லா உயிரோட இருக்கு. அது எங்க ஆரம்பிக்குது? இங்க." முழங்கையின் உள்பக்கம் இருக்கும் எலும்பு மொட்டைத் தொட்டுக் காட்டினார். "புள்ளிக்கு ரொம்பப் பக்கத்துல. அதனால எவ்வளவு பலமா இழுத்தாலும் முழங்கை மடங்காது. அந்த எலும்புத் துண்டோட சேர்த்து அதைக் கழட்டி, மூணு விரல் அகலம் மேல ஏத்தி, மேல்கை எலும்புல ஸ்க்ரூ போட்டுட்டா?"

நைனா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கடைக்காரரின் களை வந்தது.

"லாரி வீல் நட்டு வரலன்னா ஸ்பானர்ல பைப்பு சொருகி, தள்ளி நின்னுக்கினு அமுக்குவோம் மேடம். ஆளு அதே ஆளுதான், பலமும் அதேதான். நட்டுலருந்து தூரம்தான் கூட. அதானே?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதேனண்டி! அச்சு அதே. பைப்பு போடப் போறேன் உங்களுக்கு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிக்காமல் மீதியையும் சொன்னார். உள்ளங்கையில் ஒரு கிலோ வைத்தால் முழங்கைப் பக்கம் இருக்கும் தசை ஏழெட்டு கிலோவுக்கு இழுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சுமை கடைசியில் இருக்கிறது, இழுக்கிற இடம் கீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனிதனின் கை பலத்துக்காகக் கட்டியதல்ல, வேகத்துக்காகக் கட்டியது. மூன்று விரல் மேலே ஏற்றினாலும் ஜாக்கி தூக்க வராது, இட்லி வாய்க்கு வரலாம். முழங்கை இனிப் பூராவும் நீளாமல் போகலாம். பக்கத்தில் முக்கியமான நரம்புகள் ஓடுகின்றன, பார்த்துத்தான் செய்வார்கள், ஆனாலும் விரல்களுக்கு ஆபத்தே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது.

அன்று பொழுது சாய்ந்து, அம்மா கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல், சமையலறை வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"இருக்கிற விரலும் போய்ட்டா இன்னா பண்ணுவ? இப்ப டியூபாவது புடிக்கிற. அதுவும் இல்லன்னா?"

"டியூபு புடிக்கிறதுக்கா கிரேசு கையி?"

"துன்றதுக்குத்தானே கேக்குற? நான் ஊட்டறேன். எவ்ளோ நாளானாலும் ஊட்டறேன். எனக்கு ஒன்னும் கஷ்டமில்ல."

"நீ பஸ் ஏறிப் போய்ட்டா மதியம் யாரு ஊட்டுவா?"

"மதியந்தான் நீயே துன்றியே!" என்றார் அம்மா. "தட்டு கழுவி வெச்சிருக்க, தினமும் பாக்கறேன். எப்பிடியோ துன்னுக்கிறல்ல?"

எனக்கு அப்போது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டேன்: "நைனா தட்டுல மூஞ்சிய வெச்சித் துன்றாரு. நான் பாத்தேன்."

அம்மா தன் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், அதை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். நைனா என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "எந்தத் தேதின்னு கேட்டுக்கினு வா" என்றார், அவ்வளவுதான்.

தேதி கேட்கப் போன அந்தப் பயணத்தில் நான் வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியைத் தயாராக வைத்திருந்தேன். நைனா இடது கையால் வலது கையை எடுத்துத் தன் மடிமேலேயே வைத்துக்கொண்டார். புத்தூர் வரை நான் காத்திருந்தேன். திருப்பதி வந்தது, அவர் கொடுக்கவில்லை. என் மடி அத்தனை லேசாக இருந்ததை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. கோபமாகத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினார், பட்டாணி வாங்கிக் கொடுத்தார். கையை மட்டும் கொடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கையை மடக்கிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அப்படியே வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் அசைகின்றனவா என்று அம்மாதான் முதலில் பார்த்தார். ஐந்தும் அசைந்தன. முழங்கை அசையவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "கையை மடக்கணும்னு நினைக்காதீங்க, மூட்டையைப் பிடிக்கற மாதிரி கையை இறுக்கி மூடுங்க, மணிக்கட்டை உள்ள மடக்குங்க, முழங்கை பின்னாலயே வரும்" என்றார். நாற்பது வருடம் ஒரு வேலையைச் செய்த தசைக்கு வேறு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு வீட்டில் ஒரு பலகை. கடையிலிருந்து கொண்டுவந்து இழைத்த பலகையை மேசைமேல் போட்டு, அதன்மேல் முகப்பவுடரைக் கொட்டித் தடவிவிடுவோம். பலகை கிடையாக இருப்பதால் கையின் கனம் பலகைமேல் போய்விடும், தசைக்கு வழுக்கி இழுக்கிற வேலை மட்டும்தான். நைனா கையை அதன்மேல் படுக்கவைத்து, முஷ்டியை இறுக்கி, கண்ணை மூடிக்கொள்வார். முதல் நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் பவுடரில் ஒரு நகத்தளவு வளைவு விழுந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. மறுநாள் வளைவு அதைத் தாண்டிப் போனது. நான் என் காம்பஸ் பெட்டியின் பாகைமானியை முழங்கை இருந்த இடத்தில் வைத்துத் தினமும் அளந்தேன்: பத்து, பதினான்கு, முப்பது. வீடு முழுவதும் பவுடர் வாசம், மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து பலகையில் விழும்போது அந்த வெள்ளைத் தூள் மெல்ல எழும்பி மிதக்கும், அதற்குள் நைனாவின் கை நிலவின் பாதையைப்போல ஓர் அரைவட்டத்தைச் சத்தமில்லாமல் வரைந்துகொண்டு வரும். நான் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பலகையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து தூக்கச் சொன்ன நாளில்தான் கையின் கனம் திரும்பி வந்தது. தொங்கும் கையைக் கொஞ்சம் தூக்குவது சுலபம். முன்கை தரைக்குக் கிடையாக நீட்டி நிற்கும் இடம் வந்ததும் நடுங்கிக் கீழே விழும். அங்கேதான் கனம் கீலிலிருந்து மிகத் தள்ளி நிற்கிறது. "பாதி தாண்டிட்டா அப்புறம் தானா வருது பாப்பா" என்று ஒருநாள் அவரே சொன்னார், என்னைப் பார்த்து. பிறகு அம்மா ஒரு மணல் பொட்டலம் தைத்தார். முதலில் முழங்கைக்குப் பக்கத்தில் கட்டித் தூக்கவைப்பார், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கட்டை நோக்கி நகர்த்துவார். மணல் அதே மணல்தான். நைனாவின் நெற்றி வேர்ப்பது மட்டும் வாரத்துக்கு வாரம் கூடியது.

மாசி மாத வெயிலில் ஒருநாள் மூன்று பேரும் திருப்பதிக்குப் போகும் வழியில் புத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கி டிபன் சாப்பிட்டோம். நைனா இட்லியைப் பிய்த்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, முஷ்டியை இறுக்கினார். முன்கை எழுந்தது, கிடையில் நின்று நடுங்கியது, தாண்டியது, வாய்க்கு வந்தது. ஆனால் மடக்கும் தசையும் விரலை மூடும் தசையும் ஒன்றாகிவிட்டதால் விரல்கள் திறக்கவில்லை. வாயருகே வந்த இட்லி முஷ்டிக்குள் நசுங்கிச் சட்னியோடு பிதுங்கியது. நான் பழக்கத்தில் முகத்தைத் திருப்பி, பேருந்துகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

"எஸ்தரு," என்றார் நைனா. "இன்னாத்துக்கு அந்தப் பக்கம் பாக்கற? இப்டிப் பாரு."

திரும்பினேன். விரலிடுக்கில் பிதுங்கிய இட்லியைப் பல்லால் கவ்வி எடுத்துத் தின்றுகொண்டிருந்தார், மீசையெல்லாம் சட்னி. "பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்தார். அம்மா இலையை நோக்கிக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இரண்டு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரமானது, எங்கள் பேருந்து போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது.

மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் விரல் திறக்கும் என்பதைப் பிறகு அவரே கண்டுபிடித்தார். ஈஸ்டருக்குக் கோயிலுக்கு வந்தார். உள்ளங்கையில் வைத்த அப்பம் வாய்க்குப் போய்ச் சேரும்வரை பின்னால் நின்ற வரிசை அவசரப்படாமல் நின்றது. லாரி டயர் வேலை மட்டும் அதோடு போயிற்று. சைக்கிள், டூவீலர் பஞ்சர்களோடு கடையைப் பல வருடம் நடத்தினார், அந்த விரல்களோடுதான்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் அகலமான சாலை ஓடுகிறது. பலகை எப்போது எந்த அடுப்புக்குப் போனது என்று அம்மாவுக்கு நினைவில்லை. நாகலாபுரம் ரோட்டின் பாதி வேர்க்கடலை வயல்களில் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். டாக்டரம்மாவை ஒருமுறை தேடிப்போனேன், மாற்றலாகிப் போய் வருடக்கணக்காகிறது என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் தினம் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன், ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிவிடுகிறேன். நைனாவின் முழங்கை முழுதாக நீளாது, எதையோ எடுக்கக் கிளம்பியதுபோல எப்போதும் சற்று மடங்கியே இருக்கும். தோள் கடைசிவரை தேறவில்லை, அதனால் கை வாய்வரை வரும், அதற்குமேல் போகாது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். ஆராதனை முடியும் சமயத்தில் பெற்றோர் வந்து பெண்ணின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கலாம் என்றார் போதகர் ஐயர். அம்மா வைத்தார். நைனா முன்னால் வந்து முஷ்டியை இறுக்கினார், கை எழுந்து என் தாடை உயரத்தில் நின்றது. இடது கை உதவிக்கு வரவில்லை, அவர் அதைக் கூப்பிடவில்லை. நான் குனிந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த போட்டோக்காரருக்கு ஒன்றும் தெரியாது, "மேடம், நிமிர்ந்து நில்லுங்க, முகம் தெரியல" என்று இரண்டு முறை சத்தமாகச் சொன்னார். முக்காட்டின் மேல் ஐந்து விரலும் ஒவ்வொன்றாகத் திறந்து படிந்தன. நான் நிமிரவில்லை.